மூழ்கத் தெரிந்த படகு: யூ-9 எப்படி இயங்கியது, எப்படிப் போரிட்டது

யூ-9 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல், கடலில் இருந்த நேரத்தில் பெரும்பகுதியை நீருக்கு மேலேதான் கழித்தது. நீர்மூழ்கி என்று பெயர் வைத்துவிட்டு மேலேயே ஓடினால் எப்படி என்று கேட்கத் தோன்றும். முதல் உலகப் போர்க் காலத்து நீர்மூழ்கிகளைப் பற்றி இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால், மற்றதெல்லாம் தானாகவே பிடிபடும். இன்றைய அணுசக்தி நீர்மூழ்கிகள் மாதக்கணக்கில் கடலுக்கடியில் இருக்கக்கூடியவை. அன்றைக்கு இருந்தவை அப்படியில்லை. அவை மேலே ஓடுவதற்காகக் கட்டப்பட்ட படகுகள். தேவைப்படும்போது கொஞ்ச நேரம் மூழ்கி ஒளிந்துகொள்ளவும் தெரிந்த படகுகள்.

அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் என்ன செய்ய முடியும் என்பதை உலகம் 1914 செப்டம்பர் 22ஆம் தேதி காலையில் பார்த்தது. ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை யூ-9 மூழ்கடித்தது. 1,459 பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் யூ-9 அதிசயமான கப்பல் ஒன்றும் இல்லை. நீருக்குள் வேகம் குறைவு, பார்வை குறைவு, பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். போர் தொடங்கியபோதே அது பழைய மாடல்தான். இவ்வளவு குறைகளுள்ள ஒரு படகு எப்படி அதைச் சாதித்தது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் அது எப்படி மூழ்கியது என்பதிலிருந்து தொடங்குவோம்.

மூழ்குவது என்றால் எடை கூட்டுவது

வாய் மூடிய காலிக் குடத்தைக் கிணற்றில் அமுக்கினால் அது கையை மேலே தள்ளும். வாயைத் திறந்து தண்ணீர் புகவிட்டால் தானாக இறங்கிவிடும். நீர்மூழ்கியின் தத்துவமும் இதேதான். ஒரு பொருள் தான் விலக்கும் நீரைவிட எடை குறைவாக இருந்தால் மிதக்கும், கூடுதலாக இருந்தால் அமிழும், சமமாக இருந்தால் விட்ட ஆழத்திலேயே நிற்கும்.

யூ-9 மேலே மிதக்கும்போது அதன் எடை 493 டன். முழுவதும் மூழ்கியிருக்கும்போது அது 611 டன் நீரை விலக்கும். அப்படியானால் மூழ்குவதற்கு அது ஏறத்தாழ 118 டன் கடல்நீரைத் தனக்குள் ஏற்றிக்கொள்ள வேண்டும். இந்த நீரை எங்கே வைப்பது? கப்பலுக்கு இரண்டு ஓடுகள். உள்ளே இருப்பது உருளை வடிவமான, தடித்த எஃகு ஓடு. ஆட்களும் இயந்திரங்களும் அதற்குள்தான். அதைச் சுற்றி மெல்லிய வெளி ஓடு. இரண்டுக்கும் இடையில் உள்ள தொட்டிகளில்தான் நீர் ஏறும். கீழே உள்ள வால்வைத் திறந்து நீரை உள்ளே விட்டு, மேலே உள்ள வால்வைத் திறந்து காற்றை வெளியே விட்டால் கப்பல் இறங்கத் தொடங்கும். மேலே வர வேண்டுமென்றால் மேல் வால்வை மூடிவிட்டு, சிலிண்டர்களில் அழுத்தி அடைத்து வைத்திருக்கும் காற்றைத் தொட்டிக்குள் செலுத்த வேண்டும். காற்று நீரைக் கீழ்வழியே வெளியேற்றிவிடும்.

உள் ஓடு உருளையாக இருப்பதற்குக் காரணம் நீரின் அழுத்தம். யூ-9 இறங்கலாம் என்று சோதித்து வைத்திருந்த ஆழம் 50 மீட்டர். அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 5 கிலோ எடை அழுத்தும். தட்டையான சுவர் அதில் உள்வாங்கிவிடும். வளைந்த சுவரோ அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பங்கிட்டுத் தாங்கும்.

மூழ்குவது ஒருவகையில் சுலபம். மூழ்கிய பிறகு ஒரே ஆழத்தில் நிலைத்து நிற்பதுதான் பெரிய வித்தை. நீருக்குள் இருந்தபடி மேலே பார்க்க உதவும் நீண்ட குழாய்க்குப் பெரிஸ்கோப் என்று பெயர். தாக்குதல் நேரத்தில் அதன் நுனி மட்டும் நீருக்கு மேலே தெரிய வேண்டும். ஒரு மீட்டர் கூடுதலாக இறங்கினால் கேப்டனுக்குக் கண் தெரியாது. இரண்டு மீட்டர் ஏறினால் கோபுரமே வெளியே தெரிந்து எதிரி பார்த்துவிடுவான். இதற்காக முன்னாலும் பின்னாலும் மீன் துடுப்பு மாதிரி கிடைமட்டத் தகடுகள் உண்டு; கப்பல் நகரும்போது அவற்றைச் சாய்த்து ஆழத்தைச் சரிசெய்வார்கள். ஆனால் கப்பல் நகர்ந்தால்தான் அந்தத் தகடுகளுக்கு வேலை. மெதுவாகப் போகும்போது அவற்றால் அவ்வளவு பயன் இல்லை.

எரிபொருள் தீரத் தீர எடை மாறும். சமைத்த சாப்பாடு தீர்ந்தால் மாறும். ஆறு கலக்கும் இடத்தில் கடல்நீரின் உப்பு குறைந்தால் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இதையெல்லாம் ஈடுகட்ட சிறுசிறு தொட்டிகள் தனியாக உண்டு. அந்தக் காலத்து நீர்மூழ்கியில் நல்ல என்ஜினியர் என்றால் டன் கணக்கில் மட்டுமல்ல, கிலோ கணக்கிலும் எடையை மனதில் வைத்திருப்பவர் என்று அர்த்தம். இந்த எடைக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஓர் இடத்தில் இதனால் யூ-9இன் உயிருக்கே ஆபத்து வரப்போகிறது.

மேலே மண்ணெண்ணெய், கீழே பேட்டரி

எந்த எண்ணெய் இன்ஜினும் எரிவதற்குக் காற்று வேண்டும். நீருக்குள் காற்று ஏது? இருக்கும் காற்றை இன்ஜினுக்குக் கொடுத்தால் ஆட்கள் மூச்சுவிட முடியாது. அதனால் ஒரே கப்பலில் இரண்டு விதமான இயந்திரங்களை வைத்தார்கள்: மேலே ஓட எண்ணெய் இன்ஜின், நீருக்குள் ஓட பேட்டரியும் மின் மோட்டாரும். 1900இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த ஹாலண்ட் என்ற நீர்மூழ்கிதான் இந்த ஏற்பாட்டை நிலைநிறுத்தியது. அதற்கு முன்பு, 1864இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஹன்லி என்ற சிறு நீர்மூழ்கி சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே ஹவுசடோனிக் என்ற கப்பலை மூழ்கடித்திருந்தது. ஹன்லியை ஓட்டியது ஆட்களின் கைகள். உள்ளே உட்கார்ந்து இரும்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தாக்குதலிலிருந்து ஹன்லியும் திரும்பி வரவில்லை.

அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் தொடக்கத்தில் பெட்ரோல் இன்ஜின் வைத்தார்கள். மூடிய எஃகுக் குழாய்க்குள் பெட்ரோல் ஆவி தங்கினால் ஒரு பொறி போதும். 1905இல் பிரிட்டனின் ஏ-5 நீர்மூழ்கி அப்படித்தான் வெடித்தது. ஜெர்மானியர்கள் அந்த வழிக்கே போகாமல் மண்ணெண்ணெயைத் தேர்ந்தெடுத்தார்கள். டான்சிக் கடற்படைத் தளத்தில் கட்டப்பட்டு 1910இல் பணிக்கு வந்த யூ-9இல் கோர்ட்டிங் நிறுவனத்தின் மண்ணெண்ணெய் இன்ஜின்கள் இருந்தன. மேலே ஓடும்போது மணிக்கு 14 கடல் மைலுக்குச் சற்று மேல் போகும்.

மண்ணெண்ணெய் சட்டென்று வெடிக்காது என்பது சரிதான். ஆனால் அதற்கு வேறொரு தொல்லை இருந்தது. வெளியேறும் புகை அடர்ந்த வெள்ளையாக இருக்கும். இரவில் புகைபோக்கியிலிருந்து தீப்பொறியும் பறக்கும். ஒளிந்திருப்பதே தொழிலாகக் கொண்ட ஒரு கப்பல், மைல் கணக்கில் தெரியும்படி புகையைக் கக்கிக்கொண்டு போனது. அந்தப் புகைபோக்கியை மூழ்குவதற்கு முன் மடக்கி, துளையை நீர் புகாமல் அடைத்தாக வேண்டும். அவசரத்தில் மூழ்க வேண்டியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்லத் தேவையில்லை. 1913இல் வந்த யூ-19 முதல் ஜெர்மானியர்கள் டீசலுக்கு மாறிவிட்டார்கள். யூ-9க்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

நீருக்குள் பேட்டரியில் அதிகபட்ச வேகம் மணிக்குச் சுமார் 8 கடல் மைல். ஆனால் அந்த வேகத்தில் போனால் பேட்டரி மளமளவென்று தீர்ந்துவிடும். 5 கடல் மைல் வேகத்தில் மெதுவாகப் போனால் மொத்தம் 80 கடல் மைல் வரை போகலாம், அதாவது 16 மணி நேரம். அதன்பிறகு மேலே வந்து, இன்ஜினை ஓட்டி, பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்துதான் ஆக வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதை வெளியேற்ற வேண்டும். பேட்டரி அமிலத்தில் கடல்நீர் கலந்தால் குளோரின் வரும், அது நேரடியாக விஷம்.

இப்படிப்பட்ட இடத்தில் ஏறத்தாழ முப்பது பேர் வாரக்கணக்கில் வாழ்ந்தார்கள். கப்பலின் நீளம் 57 மீட்டர், ஆனால் அதில் பெரும்பகுதி இயந்திரங்களுக்கும் டார்பிடோக்களுக்கும் போய்விட்டது. யூ-9இன் இரண்டாம் நிலை அதிகாரியாக இருந்த யோஹானஸ் ஸ்பீஸ் பிற்பாடு இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய படுக்கையில் மல்லாந்து படுக்க முடியாது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் துணி அலமாரி. நடுவில் ஒருக்களித்துச் செருகிக்கொண்டு, கப்பல் ஆடும்போது விழாமல் பிடித்துக்கொண்டு தூங்க வேண்டும். வெளியே கடல் குளிர், உள்ளே மனிதர்களின் மூச்சுச் சூடு. எஃகுச் சுவரில் வேர்த்த நீர் சொட்டுச் சொட்டாகத் தூங்குபவர்களின் முகத்தில் விழும். சமையலறையில் மின் அடுப்பு இருந்தது. பற்றவைத்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். அதனால் மேல்தளத்தில், திறந்த வெளியில், மீனவர்கள் பயன்படுத்தும் சின்ன மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துத்தான் சமைத்தார்கள். கடல் கொந்தளித்தால் சமையலும் கிடையாது.

டார்பிடோவும் அதன் கணக்கும்

யூ-9இன் ஆயுதம் டார்பிடோ. ராபர்ட் வைட்ஹெட் என்ற ஆங்கிலேய என்ஜினியர் 1866 வாக்கில் ஆஸ்திரியாவின் பியூமே நகரில் உருவாக்கியது அது. அழுத்திய காற்றின் பலத்தில் தானே நீந்திப் போகும் வெடிகுண்டு. எந்த ஆழத்தில் ஓட வேண்டும், எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை அதற்குள் இருக்கும் கருவிகளே பார்த்துக்கொள்ளும். யூ-9இல் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு குழாய்கள். டார்பிடோக்கள் மொத்தம் ஆறு. நான்கு குழாய்களுக்குள், மீதி இரண்டு உபரி.

டார்பிடோவைக் குறிவைப்பது துப்பாக்கியைக் குறிவைப்பது போலல்ல. 500 மீட்டர் தூரத்தைக் கடக்க அதற்கு ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் போகும் கப்பல் அந்த அரை நிமிடத்தில் 150 மீட்டர் நகர்ந்துவிடும். அது கிட்டத்தட்ட க்ரூஸர் எனப்படும் ஒரு பெரிய போர்க்கப்பலின் முழு நீளம். கப்பலைப் பார்த்து நேராகக் குறிவைத்தால் டார்பிடோ அதன் வாலுக்குப் பின்னால் போய்விடும். கப்பல் எங்கே போய்ச் சேருமோ அங்கே குறிவைக்க வேண்டும். அதற்கு எதிரியின் வேகமும் திசையும் சரியாகத் தெரிய வேண்டும். டார்பிடோ போய்ச் சேரும்வரை அவை மாறாமலும் இருக்க வேண்டும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. கப்பல் வளைந்து வளைந்து போனால் நீர்மூழ்கியின் கணக்கு தப்பிவிடும். அப்புறம், நீருக்குள் 8 கடல் மைல் வேகமே உள்ள நீர்மூழ்கி, 10 கடல் மைல் வேகத்தில் போகும் கப்பலைத் துரத்திப் பிடிக்கவே முடியாது. எதிரி தானாகத் தன் பக்கம் வர வேண்டும். வேட்டைக்காரன் என்று நீர்மூழ்கியைச் சொல்வது வழக்கம். 1914இல் அது வழியில் பதுங்கிக் காத்திருக்கத்தான் முடியும்.

இன்னொன்றும் உண்டு. நீருக்குள் இருந்தபடியே குழாயில் மறுபடி டார்பிடோ ஏற்றலாம் என்பதை யூ-9 அந்த ஆண்டு ஜூலையில்தான் பயிற்சியில் செய்து காட்டியிருந்தது. அதற்குமுன் எந்த நீர்மூழ்கியும் அதைச் செய்ததில்லை. போர் தொடங்க அப்போது மூன்று வாரம்கூட இல்லை.

செப்டம்பர் 22

போரின் முதல் வாரங்களில் நீர்மூழ்கிகளைப் பற்றி யாருக்கும் நிச்சயமான கருத்து இல்லை. ஆகஸ்ட் 9ஆம் தேதி யூ-15ஐ பர்மிங்ஹாம் என்ற பிரிட்டிஷ் கப்பல் மோதியே மூழ்கடித்தது. செப்டம்பர் 5ஆம் தேதி யூ-21 பாத்ஃபைண்டர் என்ற சிறு க்ரூஸரை டார்பிடோவால் வீழ்த்தியது. இருந்தாலும் பெரிய கப்பல்களுக்கு இது அபாயம் என்று கடற்படைத் தலைமைகள் முழுமனதாக நம்பவில்லை.

நெதர்லாந்துக் கரைக்கு அப்பால் பிராட் ஃபோர்ட்டீன்ஸ் என்றொரு கடல்பகுதி இருக்கிறது. பெயருக்கேற்ப சுமார் 14 பாகம் ஆழம்; 26 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே அபூக்கிர், ஹோக், கிரெஸி என்ற மூன்று பிரிட்டிஷ் க்ரூஸர்கள் காவல் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் 12,000 டன். வயதான கப்பல்கள். அவற்றில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்விலிருந்து திரும்ப அழைக்கப்பட்ட நடுவயதுக் குடும்பஸ்தர்கள். கூடவே டார்ட்மத் கடற்படைக் கல்லூரியிலிருந்து பாதியில் அனுப்பப்பட்ட பதினைந்து வயதுப் பையன்கள். இந்தக் காவல் அணியைக் கடற்படைக்குள்ளேயே தூண்டிலில் கோத்த உயிர் இரை என்று சொல்லிக்கொண்டார்கள். இவற்றை அங்கே தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்று கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் செப்டம்பர் 18ஆம் தேதி குறிப்பு எழுதியிருந்தார். அது நடைமுறைக்கு வருவதற்கு நான்கு நாள் போதவில்லை.

வழக்கமாக உடன் வரும் டெஸ்ட்ராயர்கள் என்ற சிறிய, வேகமான காவல் கப்பல்கள் மோசமான வானிலையால் திரும்பிப் போயிருந்தன. க்ரூஸர்கள் மூன்றும் பக்கவாட்டில் இரண்டிரண்டு மைல் இடைவெளிவிட்டு, மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில், நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தன. டார்பிடோவின் கணக்கைப் படித்த பிறகு இந்த வரியைப் படித்தால் மனம் பதறுகிறது.

யூ-9 அங்கே இருந்ததில்கூட ஒரு தற்செயல் உண்டு. திசைகாட்டும் கருவியில் கோளாறு ஏற்பட்டு, போக நினைத்த வழியிலிருந்து விலகி டச்சுக் கரையோரம் வந்து சேர்ந்திருந்தது. புயலுக்குப் பயந்து இரவை நீருக்குள் கழித்துவிட்டு, விடியற்காலையில் பேட்டரி சார்ஜ் செய்ய மேலே வந்தது. கடல் அடங்கியிருந்தது. காவலில் இருந்த ஸ்பீஸ் தொலைவில் பாய்மரக் கம்பம் மாதிரி ஏதோ தெரிவதைப் பார்த்தார். உடனே இன்ஜினை நிறுத்தச் சொன்னார். வெள்ளைப் புகை காட்டிக்கொடுத்துவிடுமே. கேப்டன் ஓட்டோ வெட்டிகன் மேலே வந்து பார்த்துவிட்டு மூழ்க உத்தரவிட்டார்.

காலை 6.20 மணி அளவில் ஒரே ஒரு டார்பிடோ, சுமார் 500 மீட்டரிலிருந்து. அது அபூக்கிரைத் தாக்கியது. கப்பலின் ஒரு பக்கம் மட்டும் நீர் நிறைந்து, மெல்லச் சாய்ந்து, அரை மணி நேரத்துக்குள் கவிழ்ந்தது. அதன் கேப்டன் டிரம்மண்ட் கடல் கண்ணிவெடியில் மோதிவிட்டோம் என்று நினைத்து, மற்ற இரண்டு கப்பல்களையும் உதவிக்கு அருகே வரச் சொன்னார். விஷயம் புரிந்து விலகிப் போகச் சொல்வதற்குள் காலம் கடந்துவிட்டது. ஹோக் நின்றது. படகுகளை இறக்கியது. நீரில் தத்தளிப்பவர்களுக்குப் பிடித்து மிதக்கக் கட்டைகளையும் மேசைகளையும் வீசினார்கள்.

யூ-9 நகரும் கப்பலைத் துரத்த முடியாதது என்று பார்த்தோம். அபூக்கிர் அடிபட்டதும் மற்ற இரண்டும் அப்படியே போயிருந்தால், யூ-9க்கு அன்று கிடைத்தது ஒரே கப்பல்தான். அவை நின்றன. தோழர்கள் கண்ணெதிரே மூழ்கும்போது விட்டுவிட்டுப் போ என்று சொல்ல எந்தக் கடற்படையும் அதுவரை தன் ஆட்களைப் பழக்கியிருக்கவில்லை. அவர்கள் முட்டாள்தனமாக நின்றார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கடலில் ஒருவன் விழுந்தால் நின்று தூக்குவது மாலுமிகளின் ஆதி தர்மம். புதிய ஆயுதம் அந்தத் தர்மத்தையே பொறியாக மாற்றிவிட்டது என்பது அவர்களுக்கு அந்த நிமிடம்வரை தெரியாது.

நீருக்குள் யூ-9இல் முதல் குழாயில் புதிய டார்பிடோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெட்டிகன் ஹோக்கை மிக நெருங்கி, 300 மீட்டர் அளவிலிருந்து முன்குழாய் இரண்டையும் ஒன்றாகச் சுட்டார். இங்கேதான் அந்த எடைக் கணக்கு வருகிறது. ஒரு டார்பிடோவின் எடை முக்கால் டன்னுக்கும் மேல். இரண்டு ஒரே நேரத்தில் வெளியேறியதும் கப்பலின் முன்பக்கம் இலேசாகி மேலே எழும்பியது. எதிரியின் பீரங்கிகளுக்கு நேரெதிரே யூ-9இன் உடல் நீருக்கு வெளியே தெரிந்துவிட்டது. ஹோக்கின் பீரங்கிகள் சுட்டன, படவில்லை. உள்ளே கிடைமட்டத் தகடுகள் மட்டும் போதாமல், கைவசமிருந்த ஒரே நகரும் எடையைப் பயன்படுத்தினார்கள்: மனிதர்களை. வேலையில்லாத அத்தனை பேரும் முன்னால் ஓடு, பின்னால் ஓடு என்ற உத்தரவுக்கு அந்தக் குறுகிய வழியில் முட்டி மோதி ஓடினார்கள். அந்த எடையில் கப்பல் மறுபடி அமிழ்ந்தது. ஹோக் சில நிமிடங்களில் கவிழ்ந்தது.

மிச்சம் மூன்று டார்பிடோக்கள். பேட்டரி தீரும் நிலைக்கு வந்துகொண்டிருந்தது. திரும்பிப் போகலாம் என்று முடிவெடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வெட்டிகன் கப்பலைத் திருப்பி, பின்குழாய் இரண்டையும் சுமார் 1,000 மீட்டரிலிருந்து கிரெஸியை நோக்கிச் சுட்டார். அப்போது கிரெஸியும் ஆட்களைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தது. பெரிஸ்கோப்பைக் கண்டு சுட்டபடியே நகரவும் தொடங்கியிருந்தது. ஒன்று பட்டது, ஒன்று தவறியது. கிரெஸி சாய்ந்தாலும் மூழ்கவில்லை. கடைசி டார்பிடோவை முன்குழாயில் ஏற்றி, சுற்றிவந்து அதையும் சுட்டார்கள். 7.55 மணிக்கு கிரெஸியும் போனது. ஆறு டார்பிடோக்களில் ஐந்து இலக்கைத் தொட்டிருந்தன.

அபூக்கிரில் கிட் வைக்கம்-மஸ்கிரேவ் என்ற பதினைந்து வயது மிட்ஷிப்மேன், அதாவது பயிற்சி அதிகாரி, இருந்தான். அபூக்கிர் கவிழ்ந்ததும் நீந்தி ஹோக்கில் ஏறப் போனான், ஹோக் அடிபட்டது. அங்கிருந்து நீந்தி கிரெஸியை அடைந்தான். அவனை ஏற்றிக்கொண்ட கொஞ்ச நேரத்தில் கிரெஸியும் அடிபட்டது. மூன்றாவது தடவையும் கடலுக்குள். கடைசியில் ஒரு டச்சுப் படகு நினைவிழந்த நிலையில் அவனைத் தூக்கியது. ஃப்ளோரா, டைட்டன் என்ற டச்சு நீராவிக் கப்பல்களும் அருகிலிருந்த மீன்பிடிப் படகுகளும் வந்து மீட்டவர்களைச் சேர்த்து மொத்தம் 837 பேர் பிழைத்தார்கள். கண்ணிவெடி இருக்குமோ, நீர்மூழ்கி இன்னும் அங்கேயே கிடக்குமோ என்று தெரியாமலேயே அந்தப் படகுகள் உள்ளே வந்தன. இந்தச் சம்பவத்தில் அதிகம் பேசப்படாதவர்கள் அவர்கள்தான்.

அதே செப்டம்பர் 22 இரவு, உலகத்தின் மறுபக்கத்தில் இன்னொரு ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. நமக்கு நன்றாகத் தெரிந்த எம்டன்தான் அது. ஜெர்மன் கடற்படையில் கப்பலுக்கே இரும்புச் சிலுவைப் பட்டம் கிடைத்தது இரண்டுக்கு மட்டும்: எம்டனுக்கும் யூ-9க்கும்.

அதற்குப் பிறகு

பெரிய கப்பல்கள் ஆபத்துப் பகுதியில் நின்று ஆட்களைத் தூக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை உத்தரவிட்டது. நேராகப் போகாமல் வளைந்து போவது கட்டாயப் பழக்கமானது. நீருக்குள் இருக்கும் எதிரியைத் தாக்க அப்போது அவர்களிடம் எதுவுமே இல்லை. மேலே தெரிந்தால் மோதலாம், பீரங்கியால் சுடலாம், அவ்வளவுதான். நீருக்குள் வெடிக்கும் ஆழ்குண்டுகள் 1916இல்தான் புழக்கத்துக்கு வந்தன. அதுவரை பிரிட்டனின் பிரதானக் கடற்படையே நீர்மூழ்கி பயத்தால் ஸ்காப்பா ஃப்ளோ தளத்தைவிட்டு அயர்லாந்துப் பக்கம் கொஞ்ச காலம் ஒதுங்கியிருக்க நேர்ந்தது.

அக்டோபர் 15ஆம் தேதி ஸ்காட்லாந்துக்குக் கிழக்கே ஹாக் என்ற பழைய க்ரூஸரையும் யூ-9 மூழ்கடித்தது. மற்றொரு கப்பலிலிருந்து தபால் வாங்க நின்றுவிட்டு, தன் அணியைப் பிடிக்கத் தனியாகப் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1911இல் டைட்டானிக்கின் சகோதரக் கப்பலான ஒலிம்பிக்குடன் மோதியதும் இதே ஹாக்தான்.

வெட்டிகன் ஜெர்மனியில் தேசிய வீரரானார். யூ-29 என்ற புதிய டீசல் நீர்மூழ்கியைக் கொடுத்தார்கள். 1915 மார்ச் 18ஆம் தேதி, பென்ட்லாண்ட் நீரிணை அருகே, பெரிஸ்கோப்பைக் கண்ட ட்ரெட்நாட் போர்க்கப்பல் பாய்ந்து வந்து யூ-29ஐ மோதி மூழ்கடித்தது. வெட்டிகனோடு அத்தனை பேரும் இறந்தார்கள்.

யூ-9ஐ ஸ்பீஸ் ஏற்றுக்கொண்டார். 1915இல் மீன்பிடிப் படகுகளையும் சில சரக்குக் கப்பல்களையும் அது மூழ்கடித்தது. நீர்மூழ்கிப் போர் அதற்குள் போர்க்கப்பல்களைவிட்டு வணிகக் கப்பல்கள் பக்கம் திரும்பியிருந்தது. பால்டிக் கடலிலும் கொஞ்ச காலம் இருந்தது. வெள்ளைப் புகை விடும் கப்பலுக்குப் போர்முனையில் இனி வேலையில்லை என்றாகி, 1916 ஏப்ரல் முதல் பயிற்சிக் கப்பலாக்கினார்கள். போர் முடிந்ததும் 1918 நவம்பர் 26ஆம் தேதி பிரிட்டனிடம் சரணடைந்தது. மறு ஆண்டு மோர்கம் நகரில் அதை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள்.

டீசல் வந்து புகை குறைந்தது, தூரம் கூடியது. ஆனாலும் மேலே ஓடு, கொஞ்ச நேரம் மூழ்கு என்ற ஏற்பாடு இரண்டாம் உலகப் போரிலும் பெரிதாக மாறவில்லை. காற்றே தேவையில்லாத அணு உலையோடு அமெரிக்காவின் நாட்டிலஸ் 1955இல் ஓடத் தொடங்கிய பிறகுதான் அது மாறியது. அந்த ஆண்டு அது நியூ லண்டனிலிருந்து புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் வரை, ஆயிரம் கடல் மைலுக்கும் மேல், ஒருமுறைகூட மேலே வராமல் போய்ச் சேர்ந்தது.